கை ஆடுகிறது, ஆள் எழவில்லை

சென்னை

அன்புள்ள பாப்பா,

தோழியின் அப்பாவைப் பற்றி நீ எழுதியிருந்த வரியிலேயே நின்றுவிட்டேன். "கை ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குது அத்தை, ஆனா ஆளு மட்டும் நாளெல்லாம் சும்மாவே உக்காந்திருக்காரு." அவருக்கு வந்திருக்கும் ஹன்டிங்டன் நோயில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். உங்கள் பிளஸ் டூ விலங்கியல் புத்தகம் அந்த நோய்க்குச் சில வரிகளே கொடுத்திருக்கிறது. உடம்பு தன் போக்கில் துள்ளும், மனமும் உடலும் நலியும் என்பதற்கு மேல் அதில் அதிகம் இல்லை.

உங்கள் மரக்காணத்தில் இது இன்னும் சிக்கல். உப்பளத்து வேலை வெயிலுக்கு முந்தி முடிய வேண்டிய வேலை. விடியுமுன் பாத்தியில் இறங்காதவரை ஊர் சோம்பேறி என்றே சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அளம் கிடையாய்க் கிடக்கும்போது எல்லாரும்தான் வீட்டில் இருப்பார்கள். அவரும் இருந்திருப்பார், யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. தை பிறந்து பாத்தி மிதிக்க ஆள் கூப்பிட்டபோதுதான் அவர் எழவில்லை என்பது கண்ணில் பட்டிருக்கும். கடனை நினைத்து மனசு ஒடிந்துவிட்டார் என்று ஒருவர், செய்வினை என்று இன்னொருவர். கை துள்ள ஆரம்பித்த பிறகே புதுச்சேரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். மந்தம் முதலில், ஆட்டம் பின்னால். இந்த நோயில் அந்த வரிசை அபூர்வமானதல்ல.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். 1872இல் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற 22 வயது அமெரிக்க டாக்டர் இந்த நோயை விவரித்தார். அப்பாவும் தாத்தாவும் ஒரே ஊரில் வைத்தியம் பார்த்தவர்கள் என்பதால், ஒரே குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இது இறங்குவதை அவரால் பார்க்க முடிந்தது. எல்லாருடைய கண்ணும் துள்ளலிலேயே நின்றுவிட்டது. நோயின் பழைய பெயரே அதை ஒட்டி அமைந்தது. காரணமான ஜீன் கிடைத்தது 1993இல். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரை மீனவக் கிராமங்களில் நான்சி வெக்ஸ்லர் குழுவினர் ஆண்டுக்கணக்கில் சேகரித்த ரத்த மாதிரிகள் அதற்கு உதவின. நான்காம் குரோமோசோமில் உள்ள அந்த ஜீனில் சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 26 தடவைவரை வந்தால் கவலையில்லை. 40 அல்லது அதற்கு மேல் போனால், வயது கூடும்போது நோய் வந்தே தீரும்.

நம் பக்கத்திலும் இதற்குப் பங்காளி உண்டு. ஒரு தமிழ்ச் சமூகத்தில் எஸ்சிஏ-1 என்ற மரபுவழித் தள்ளாட்ட நோய் மிக அதிகமாக இருப்பதாக 2005இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் கட்டுரை வந்தது. அதுவும் சிஏஜி நீளும் நோய்தான், ஜீன் வேறு. அங்கே முதலில் கெடுவது சிறுமூளை. தள்ளாடி நடப்பவரைக் குடிகாரர் என்பது, எழாதவரைச் சோம்பேறி என்பது, இரண்டும் ஒரே அவசரத்தில் பிறந்த தீர்ப்புகள்.

இனி உன் கேள்வி. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதியில் ஒரு செயலுக்கான எண்ணம் உருவாகிறது என்று வை. அது நேரே கைக்குப் போய்விடாது. மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற நரம்புத் திரளுக்கு இறங்கி, தலாமஸ் வழியாக மறுபடி மேலே ஏற வேண்டும். ஸ்ட்ரையேட்டத்திலிருந்து இரண்டு பாதைகள் கிளம்புகின்றன. நேர்ப்பாதை "செய்" என்று விடும். சுற்றுப்பாதை "வேண்டாம், நில்" என்று பிடிக்கும். அளத்தில் உப்பங்கழி நீர் நிறைய இருக்கும், பாத்தியும் தயாராக இருக்கும்; ஒரு மடையைத் திறந்து மற்றதை அடைத்தால்தான் நீர் போக வேண்டிய பாத்திக்குப் போகும். ஹன்டிங்டனில் முதலில் கெடுவது அடைக்கிற மடை. அதனால் கேட்காத அசைவெல்லாம் கசிந்து வெளியே வருகிறது. திறக்கிற மடையும் இறுகிப்போனால்? வேண்டிய அசைவு வராது. ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்பது இப்போது விளங்குகிறதா?

இது வெகுநாள் ஊகமாகத்தான் இருந்தது. அக்ஷய் நாயர், சாரா தப்ரிஸி உள்ளிட்ட லண்டன் குழு 2022இல் 'பிரெய்ன்' இதழில் வெளியிட்ட ஆய்வு அதைச் சோதித்துப் பார்த்தது. ஜீனைச் சுமந்தாலும் நோய் இன்னும் முழுசாக வெளிப்படாதவர்களை எம்ஆர்ஐ கருவிக்குள் சும்மா படுக்கவைத்து, மூளையின் பகுதிகளில் ஏறி இறங்கும் சமிக்ஞையிலிருந்து எந்தப் பகுதி எதை எவ்வளவு இயக்குகிறது என்று கணக்கிட்டார்கள். உடலசைவுக் கோளாறு கூடியவர்களிடம் சுற்றுப்பாதையின் இணைப்பு மாறியிருந்தது. முனைப்பு குறைந்தவர்களிடம் நேர்ப்பாதையின் இணைப்பு. இது கணித மாதிரியின் வழியே கிடைத்த தொடர்பு. இந்த ஆய்வில் நரம்பை யாரும் நேரில் பார்க்கவில்லை. உயிரற்ற மூளை என்றால் சீவிப் பார்க்கலாம். ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் வெளியிட்ட 'தரணி' தொகுப்பில் கருக்குழந்தை மூளையின் 5,132 சீவல்கள் உள்ளன. செல் அமைப்பை அங்கே அழகாகப் பார்க்கலாம். ஆனால் உயிரோடிருப்பவரின் மூளையில் எது எதைத் தூண்டுகிறது என்று அறிய, இன்றைக்கு இந்தச் சுற்றுவழிக் கணக்குதான் கதி.

என்னை அதிகம் பாதித்தது இதைவிடப் பழைய ஒரு சம்பவம். பிரான்ஸில் ஒருவரைக் குளவி கொட்டியது. அதன் விளைவாக மூளையின் இரு பக்கமும் இந்த ஆழப்பகுதியில் மட்டும் சிறு காயம். டொமினிக் லாப்லான் குழுவினர் 1981இல் அதை எழுதினார்கள். அறிவு மங்கவில்லை, கை கால் முடங்கவில்லை. ஆனால் மனிதர் தானாக எதையும் தொடங்கவில்லை. மணிக்கணக்கில் கிடப்பார், அலுப்பும் தெரியாது. யாராவது வந்து "இதைச் செய்" என்றால் எழுந்து செய்துவிடுவார்! வெளியிலிருந்து வரும் சொல்லுக்கு வழி இருந்தது, உள்ளிருந்து எழும் தூண்டலுக்கு இல்லை.

தோழியின் அம்மாவிடம் சொல்லவேண்டியது இதுதான். "ஏன் எழமாட்டேங்கிறீங்க?" என்ற கேள்வியால் அந்த வீட்டில் சண்டை மட்டுமே வரும்; அவருக்கே பதில் தெரியாது. "வாங்க, குளிக்கலாம்" என்று சொல்லி, துண்டைக் கையில் கொடுத்து, கூடவே நாலடி நடக்க வேண்டும். தினம் ஒரே நேரம், ஒரே வரிசை. ஒரு சமயத்தில் ஒரு வேலை. "என்ன சாப்பிடுறீங்க?" என்பதைவிட "இட்லியா, தோசையா?" என்பது அவருக்குச் சுலபம். நோய் முற்ற முற்ற இந்த உத்தியும் மங்கும், அதை மறைத்துச் சொல்லாதே. வாய் திறந்து கேட்காவிட்டாலும் அவருக்குப் பசியும் வலியும் இருக்கும் என்பதையும் சொல்.

மனச்சோர்வு வேறு, இந்த முனைப்பின்மை வேறு. மனச்சோர்வில் அழுகை, குற்ற உணர்ச்சி, சாக வேண்டும் என்ற பேச்சு வரும். அது ஏறும், இறங்கும், மருந்துக்குக் கேட்கும். மான்செஸ்டரில் ஹன்டிங்டன் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த குழு 2012இல் சொன்னபடி, முனைப்பின்மை நோயோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகிறது. புப்ரோபியான் என்ற மாத்திரையை இதற்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, போலி மாத்திரையைவிட அது மேலாக இல்லை. மனச்சோர்வும் முனைப்பின்மையும் ஒருவரிடமே சேர்ந்தும் இருக்கலாம். ஹன்டிங்டன் குடும்பங்களில் தற்கொலை அபாயம் அதிகம் என்பதால், சாவுப் பேச்சு வந்தால் அடுத்த முறை பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

உன் தோழி உன்னிடம் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கும்: தனக்கும் இது வரக்கூடுமா? ஆமாம், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒன்று வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. அதை நீயாக எடுத்துச் சொல்லாதே. அவள் கேட்டால் மழுப்பவும் வேண்டாம். அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்கு 18 வயதுக்கு முன் இதற்கான மரபணுப் பரிசோதனையைச் செய்வதில்லை. அதற்குப் பிறகும் மரபணு ஆலோசகரிடம் பேசித் தெரிந்துகொள்ளலாம், அல்லது தெரியாமலே இருக்கலாம். அது அவள் முடிவு. சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சுக்கு முன் ரிப்போர்ட் கேட்டால், கேட்பவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

கடைசியாக ஒன்று. துள்ளலைக் குறைக்க டெட்ராபெனசின் எழுதிக் கொடுத்திருக்கலாம். அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் சிலருக்கு மனச்சோர்வையும் மந்தத்தையும் கூட்டும். மருந்துச் சீட்டைப் பார்த்துப் பெயரை எனக்கு எழுது. அவர்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எப்போதிலிருந்து அதிகம் உட்கார ஆரம்பித்தார், மாத்திரைக்கு முன்பா பின்பா என்று தேதியோடு குறித்து அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போகச் சொல்.

அன்புடன்,
அத்தை