பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சி எழுதலாமா?

'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகத்தை வாசித்து முடிக்கும் எவருக்கும் எழும் கேள்வி, "பிறகு என்ன நடந்தது?" என்பதே. 1950 முதல் 1954 வரை அதைத் தொடராக எழுதிய கல்கி, 1954 டிசெம்பரில் காலமானார். ஆகவே பதில் சொல்லும் வேலை பிறர் கைக்குப் போயிற்று. 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். பின்னாளில் அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். இவை மூலநூலுக்கு ஈடாகுமா?

ஆங்கிலத்திலும் இவ்வழக்கம் உண்டு. ஐசக் அசிமோவ் 1992இல் மறைந்த பின், அவரது 'ஃபவுண்டேஷன்' விஞ்ஞானக் கதைகளுக்கு பென்ஃபோர்ட், பெயர், பிரின் ஆகிய மூவர் ஆளுக்கொரு நாவல் எழுதினர். அது எதிர்காலக் கதை. நடந்ததா இல்லையா என்று எவரும் வாதாட முடியாது. சோழர் கதைக்கோ கல்வெட்டுச் சாட்சி இருக்கிறது.

அந்தச் சாட்சி கல்கிக்குத் தடையாக இருக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வரும் ஒரு பெயர்தான் வந்தியத்தேவன். அந்தப் பெயரிலிருந்து கடம்பூர் மாளிகை முதல் நமது மாதோட்டம், அநுராதபுரம் வரை குதிரையிலும் படகிலும் அலையும் ஒரு வாலிபனை அவர் உண்டாக்கினார். தொடர்ச்சி எழுதுபவருக்கோ தடை இரண்டு. கல்வெட்டையும் மீறக்கூடாது, கல்கியையும் மீறக்கூடாது. சேந்தன் அமுதன்தான் உத்தம சோழன் என்று கல்கி எழுதிவிட்டால் அது அப்படியே இருக்க வேண்டும்.

காலமும் ஒரு சிக்கல். கல்கியின் கதை சில மாதங்களுக்குள் நடந்து முடிகிறது. இராசராசன் அரியணை ஏறியதோ 985இல். அதுவரை உத்தம சோழன் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆண்டான். காத்திருக்கும் ஒருவனை வைத்து விறுவிறுப்பாகக் கதை சொல்வது இலேசல்ல. அந்த இடைவெளியில் இறங்கிய விக்கிரமனின் துணிவை நான் மதிக்கிறேன். சரித்திரத்தை அவர் பொறுப்போடு கையாள்கிறார். ஆனால் ஆழ்வார்க்கடியான் வாயைத் திறந்தாலே நமக்கு வரும் சிரிப்பு எனக்கு அங்கே வரவில்லை. பாத்திரங்களை இரவல் வாங்கலாம், குரலை வாங்க முடியாது போலும்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதிலும் இதே கதைதான். உடையார்குடிக் கல்வெட்டு இரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்கிறது. கல்கி அந்த அறையின் விளக்கை அணைத்துவிட்டு நம்மை வெளியே நிறுத்திவிட்டார். பிறகு வருபவர் விளக்கேற்றினால் விடை கிடைக்கும், மர்மம் போய்விடும்.

எனினும் தொடர்ச்சிகளே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. எனது உம்மம்மா ஐந்தாம் பாகத்தை இரவல் வாங்கிப் பாதிவரை வாசித்திருந்தபோதுதான், 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. புத்தகம் வீட்டிலேயே கிடந்தது. புத்தளத்து முகாமில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது மீதியைத் தாமே இட்டுக்கட்டினார். அதில் மணிமேகலை சாகவில்லை. சுகமாகத் தன் ஊருக்குத் திரும்பிப் போனாள். உம்மா அதையே எனக்கும் சொன்னார்.

சென்ற வருடம் கல்லூரி நூலகத்தில் எடுத்து வாசித்தபோதுதான் உண்மையான முடிவு எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய், மணிமேகலை இறந்துவிடுகிறாள் என்று உம்மம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்படியெண்டா அந்த மனுசன் பிழையா எழுதிப்போட்டார் மகள்," என்றார்.