கலையும் கலைஞனும்: ‘ஹரிதாஸ்’ தரும் பாடம்

முன்னுரை

செஞ்சிக்கோட்டையைக் காணச் செல்லும் நாம், ஆங்குள்ள சாதத்துல்லாகான் பள்ளிவாசலின் எழிலை வியந்து நிற்கிறோம். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்குராசனின் கதைப்பாடலைக் கேட்டு உருகுவோரும் நாமே. அப்பாடலில் பகைவராக வரும் நவாபின் பெயரைத் தாங்கியதே இப்பள்ளிவாசல். ஒருவர்பால் மனக்குறை கொண்டும் அவர்தம் ஆக்கத்தைப் போற்ற இயலும் என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும், கலைஞர் ஒருவர் மீது குற்றப்பழி எழும்போது வினா கடினமாகிறது. தொலைக்காட்சியில் நாம் குடும்பத்தோடு அமர்ந்து சுவைத்த படைப்பை இனிக் காணலாமா, வெறுத்து ஒதுக்கலாமா? தமிழகம் இவ்வினாவை முன்னரே சந்தித்துள்ளது.

வழக்கும் படமும்

புண்டலீகர் கதையைத் தழுவிய ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளிவந்தது. அடுத்த மாதமே, திரையுலகினரைப் பற்றி வம்புச் செய்திகள் வெளியிட்டு வந்த ‘இந்துநேசன்’ லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் படத்தின் நாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாயகர் சிறையில் இருக்க, அவர் பாடி நடித்த படமோ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கில், 1947-இல் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. கிருஷ்ணன் மீண்டும் புகழ் பெற்றார். பாகவதரின் பிற்காலப் படங்களோ முன்போல் வெற்றி பெறவில்லை. 1959-இல் அவர் மறைந்தார். தண்டனைக் காலத்தில் படத்தைக் கைவிடாத மக்கள், விடுதலைக்குப் பின் அவர்தம் புதிய படங்களை ஏற்கவில்லை. கலையைச் சுவைத்தலும் கலைஞரை மதிப்பிடுதலும் வெவ்வேறு செயல்கள் என்பது இதனால் விளங்கும்.

நாம் கொள்ளத்தக்க நெறிகள்

முதலாவது, பழி வேறு, தீர்ப்பு வேறு. தீர்ப்பும் மேல்முறையீட்டில் மாறக்கூடும் என்பதற்கு இவ்வழக்கே சான்று. ஆராயாது பழி தூற்றுதல் நமக்குத் தகாது.

இரண்டாவது, திரைப்படம் தனியொருவர் உடைமையன்று. ‘ஹரிதா’ஸில் பாபநாசம் சிவனின் பாடல்களும், சுந்தர்ராவ் நட்கர்னியின் இயக்கமும், டி.ஆர். ராஜகுமாரியின் நடிப்பும் உள்ளன. ஒருவர் மீதான பழிக்காக அனைவர் உழைப்பையும் புதைத்தல் முறையன்று.

மூன்றாவதே தலையாயது. நம் சுவை, குற்றத்துக்கு வழக்குரைஞர் ஆகிவிடலாகாது. “இத்துணை இனிமையாகப் பாடுபவர் தீங்கு செய்வாரா?” என வினவுதல் அறியாமை. இனிய குரல் குற்றமின்மைக்குச் சான்றாகாது. லட்சுமிகாந்தன் பலரைப் புண்படுத்தியவர். எனினும் அவர் உயிருக்கும் நீதி உரியதே. பாதிக்கப்பட்டவர் பேசும்போது இரசிகர் கூட்டம் அவர் வாயை அடைக்குமாயின், அந்தச் சுவை பாவத்துக்குத் துணைபோகிறது.

பிறநாட்டிலும் இச்சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டாலின் கதைகள் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து புகழ் பெற்றன. யூதரை இழித்து அவர் கூறியவற்றுக்காக அவர் குடும்பத்தார் 2020-இல் மன்னிப்புக் கோரினர். குடும்பத்தாரே கறையை ஒப்புக்கொண்டனர். கதைகளையோ குழந்தைகள் இன்றும் படிக்கின்றனர்.

முடிவுரை

சொல்பவர் யாராயினும் பொருளின் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்றார் வள்ளுவர். அவ்வறிவு கலையின் அழகையும் காணும். கலைஞரின் குறையையும் காணும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்காது. மாணவ நண்பர்களே! விரும்பிய படைப்பைச் சுவைப்போம். உண்மை கசப்பாயினும் அதற்குச் செவி சாய்ப்போம். இவ்விரண்டையும் ஒருசேரப் பயில்வதே கல்வியின் பயனாகும்.