பாலையும் விட்டால்?

மாணவர்களே! பிரியாணிக்குப் பேர்போன திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பிலும் புலால் உண்ணாதோர் உண்டு. உங்களுள் சிலர் பால், தயிரையும் விட எண்ணலாம். புரதத்துக்குக் கவலை வேண்டா. அரிசியில் குறைவாயுள்ள லைசின் பருப்பில் மிகுதி. வைட்டமின் பி12 அப்படியன்று. இதைத் தாவரமும் ஆக்காது, ஆடும் ஆக்காது! ஆட்டின் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்களே ஆக்குகின்றன. நம் பெருங்குடலிலும் அத்தகையவை உண்டு. ஆனால் பி12-ஐ உறிஞ்சும் இடமோ அதற்கு முன்னுள்ள சிறுகுடலின் கடைப்பகுதி, எனவே பயனில்லை.

இது குறைந்தால் இரத்தச்சோகையும் நரம்புக் கோளாறும் வரும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால், குறை வெளிப்பட ஆண்டுகள் ஆகலாம். ஏமாந்துவிடாதீர்கள்!

1956-இல் இதன் அமைப்பை எக்ஸ் கதிர்களால் கண்டறிந்து வெளியிட்டவர் டாரதி ஹாட்ஜ்கின். (இயற்பியலுக்கும் இதில் பங்குண்டு!) இன்று பாக்டீரியாவை வளர்த்தே பி12 தயாரிக்கிறார்கள். பாலையும் விட்டவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டு, அம்மாத்திரையை உட்கொள்ள வேண்டும்.