படம் பார்த்து எழுத வரும் மைசூர் இளையவருக்கு ஒரு கடிதம்

பேய்ப் படம், மாயாஜாலப் படம், துப்பறியும் படம், கௌபாய் படம், சிஐடி படம் என்று சுவரொட்டியைப் பார்த்ததுமே இன்ன ரகம் என்று தெரிந்துவிடும் படங்களை வகைமைப் படங்கள் என்பார்கள். அவற்றில் சில, வெளிவந்தபோது கிடைத்த வசூலுக்கும் பாராட்டுக்கும் சம்பந்தமில்லாமல், ஒரு சிறு கூட்டத்தாரால் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டு, வசனம் வசனமாக மனப்பாடம் ஆகி நிலைத்துவிடுகின்றன. அவற்றுக்கு கல்ட் படங்கள் என்று பெயர். இந்தப் படங்கள் வந்த காலத்தில் இவற்றைப் பற்றி நிதானமாக எழுதியவர்கள் குறைவு. படம் விட்டு வெளியே வந்தவர் டீக்கடையில் நின்று சொன்னதுதான் முதல் விமர்சனம். பல படங்களுக்கு அதுவே கடைசி விமர்சனமாகவும் ஆகிவிட்டது. ஆகவே, நேற்றுப் பார்த்த படத்தைப் பற்றி இன்று நாலு வரி குறித்துவைப்பது சின்ன வேலை அல்ல. மைசூரில் இருந்துகொண்டு தமிழில் அந்த நாலு வரியை எழுத வருகிற இளையவருக்காக எழுதப்படுவது இக்கடிதம்.

மைசூர் இதற்குப் பொருத்தமான ஊர். நம்ப முடியாத எதையும் ‘விட்டலாச்சார்யா படம் மாதிரி’ என்று தமிழில் சொல்கிறோம். அந்த பி. விட்டலாச்சார்யா 1920-இல் உடுப்பிப் பக்கம் பிறந்தவர். அரசிக்கெரெயில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். டி. சங்கர் சிங் முதலான நண்பர்களோடு மகாத்மா பிக்சர்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கி மைசூருக்கு வந்து சேர்ந்தவர். நாககன்னிகா (1949), ஜகன்மோகினி (1951) ஆகிய கன்னடப் படங்கள் அந்தக் கம்பெனியின் படங்கள். பிறகு அவர் சென்னைக்குப் போனார். தெலுங்கில் மந்திரவாதி, ராஜகுமாரி, பேசும் மிருகம், ஆடும் எலும்புக்கூடு என்று தனக்கென ஓர் உலகத்தையே கட்டினார். 1978-இல் ஜகன்மோகினியை மறுபடி தெலுங்கில் எடுத்தார். ஜெயமாலினி நடித்த அந்தப் படம் தமிழில் டப் செய்யப்பட்டு ஊர் ஊராக ஓடியது. விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரித்தபடி பேய் சமைக்கும் காட்சியைப் படம் பார்க்காதவர்களும் வர்ணிப்பார்கள்.

அந்தக் காட்சியைப் பற்றி எழுத வருபவருக்கு முதலில் கைக்கு வருவது கிண்டல். காலும் பொய், நெருப்பும் பொய் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அரங்கில் இருந்தவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். தெரிந்தும் காட்சி ஏன் மனதில் ஒட்டிக்கொண்டது என்பதே எழுத வேண்டிய விஷயம். அந்தப் பேய் யாரையும் கடிக்கவில்லை, துரத்தவில்லை. வீட்டு மருமகள் போல அடுப்படியில் உட்கார்ந்து சோறு ஆக்குகிறது. தினம் பார்க்கும் அடுப்படி ஒரு நொடியில் வேறாகிவிடுகிறது. பயம் அங்கிருந்து வருகிறது. விட்டலாச்சார்யாவின் படங்களில் மறைவதும் தோன்றுவதும் பெரும்பாலும் மிகப் பழைய தந்திரம்: கேமராவை நிறுத்து, ஆளை விலக்கு, மறுபடி ஓட்டு. பாரிஸில் ஜார்ஜ் மெலியெஸ் 1890-களிலேயே செய்து காட்டியது இது. குறைந்த செலவில் படம் முடிப்பவர் என்று பெயரெடுத்த விட்டலாச்சார்யாவுக்கு அது போதுமானதாக இருந்தது. இளம் எழுத்தாளர் ஒரு தந்திரக் காட்சியைப் பார்த்தால், அது எப்படிச் செய்யப்பட்டிருக்கும் என்று ஒரு வரியும், அது எதற்காக அந்த இடத்தில் வைக்கப்பட்டது என்று ஒரு வரியும் எழுதப் பழக வேண்டும். இந்த இரண்டு வரியும் இருந்தால், படம் பிடிக்கவில்லை என்ற மூன்றாவது வரிக்கு மரியாதை உண்டு.

மைசூர் மாவட்டத்திலிருந்தே இன்னும் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. எச்.டி. கோட்டை வட்டத்துக் காராபுராவில் 1924-இல் ஒரு மாவுத்தரின் மகனாகப் பிறந்த சாபு, மைசூர் மகாராஜாவின் யானை லாயத்தில் வளர்ந்தவர். கிப்ளிங்கின் கதை ஒன்றைப் படமாக்க அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி மைசூருக்கு வந்தபோது அந்தச் சிறுவன் தேர்ந்தெடுக்கப்பட்டான். படம் ‘எலிஃபண்ட் பாய்’, 1937. காட்டையும் யானைகளையும் ஃப்ளாஹர்ட்டி இங்கே படமாக்கினார். கதைக் காட்சிகளை ஜோல்டன் கோர்டா இங்கிலாந்தின் டென்ஹாம் ஸ்டூடியோவில் எடுத்தார். இருவருக்குமாக அவ்வாண்டு வெனிஸ் விழாவில் இயக்குநர் பரிசு கிடைத்தது. இன்று அந்தப் படத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒட்டுப்போட்ட இடம் நன்றாகவே தெரியும். யானைகள் நிஜம், சாபு நிஜம், மரங்கள் நிஜம். ஆனால் சிறுவனின் தகப்பனாக வருபவரே முகத்தில் கறுப்பு பூசிய ஆங்கில நடிகர். மைசூர்க்காரர் இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது, எது எங்கே எடுக்கப்பட்டது என்று பிரித்துச் சொல்வது வேறு யாரும் எளிதில் செய்ய முடியாத உதவி. காட்டின் வெளிச்சத்தை அறிந்த கண் அது.

சாபு பிறகு ஹாலிவுட்டுக்குப் போனார். ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ (1940) உலகப் புகழ் தந்தது. 1944-இல் வந்த ‘கோப்ரா வுமன்’ வேறு மாதிரி: நாகத்தை வணங்கும் தீவு, மரியா மோன்டேஸுக்கு இரட்டை வேடம், கண்ணைப் பறிக்கும் வண்ணம். பலர் சிரித்த படம் அது. 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் சோதனைப் பட இயக்குநர் ஜாக் ஸ்மித், மோன்டேஸின் நடிப்பைப் போற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதினார். மோசமான நடிப்பு என்று எல்லோரும் தள்ளியதில், தன் வேடத்தை முழுதாக நம்புகிற ஒரு பெண்ணை அவர் பார்த்தார். அந்த ஒரு கட்டுரை பலரை அந்தப் படங்களிடம் திரும்ப அனுப்பியது. உடன்படாதவர்களுக்கும் அது பயன்பட்டது. ஏனென்றால் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்பது அதில் இருந்தது.

‘செம’, ‘மொக்கை’, ‘வேற லெவல்’ என்பன எழுதக் கூடாத சொற்கள் அல்ல. நண்பர்களோடு பேசும் மொழியில் எழுதுவதே இந்த வகைக் குறிப்புகளின் உயிர். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு காட்சி, ஒரு வசனம், ஒரு வெட்டு இருக்க வேண்டும் என்பதுதான் கேட்கப்படுவது.

எந்த வடிவில் பார்த்தது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. டப்பிங்கில் பார்த்தவர் குரல் நடிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. தொலைக்காட்சியில் விளம்பரத்துக்கும் நேரத்துக்குமாக வெட்டிய பிரதியைப் பார்த்தவர், கதையில் ஓட்டை இருக்கிறது என்று அவசரப்படக் கூடாது. பாதியில் தூங்கிவிட்டிருந்தால் அதையும் எழுதிவிடலாம்; வாசகர் மன்னிப்பார், மறைத்தால்தான் கோபப்படுவார்.

அடுத்தது ‘காப்பி’ என்ற குற்றச்சாட்டு. வகைமைப் படம் என்றாலே ஒன்றைப் பார்த்து ஒன்று செய்வதுதான். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் உலகைச் சுற்றிய காலத்தில் தமிழில் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ (1966) வந்தது. ஜெய்சங்கர் ‘தென்னக ஜேம்ஸ் பாண்ட்’ ஆனார். கன்னடத்தில் துரை – பகவான் இரட்டையர் ‘ஜேடர பலெ’ (1968) எடுத்தார்கள். அதுவரை புராணத்திலும் குடும்பக் கதையிலும் கண்ட ராஜ்குமார் அதில் சிஐடி 999 ஆக வந்தார். ஒளிப்பதிவாளர் கர்ணன் ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972) என்று தமிழ் மண்ணில் குதிரையும் துப்பாக்கியுமாகக் கௌபாய் படம் எடுத்தார். எங்கிருந்து எடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பதோடு நிற்பவர் பாதி வழியில் இறங்கிவிடுகிறார். எடுத்ததை என்ன செய்தார்கள் என்பதே மீதி வழி.

இதற்கு எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) அளவுக்கு நல்ல பாடம் இல்லை. வீணைக் கலைஞரான பாலசந்தர் குரோசவாவின் ‘ராஷோமோன்’ படத்தைப் பார்த்த பாதிப்பில் உருவாக்கிய கதை, ஏவி.எம். தயாரிப்பு, ஜாவர் சீதாராமன் எழுத்து. பாட்டு இல்லாத முதல் தமிழ்ப் படம். தொடங்கும்போதே சிவாஜி கணேசன் குண்டடி பட்டு விழுகிறார். போர்க்காலச் சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட நாளை ஒட்டிக் கதை நடக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள், ஒவ்வொருவர் மீதும் சந்தேகம் நகர்கிறது. ‘ராஷோமோன் காப்பி’ என்று பலர் இன்றும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு பெரிது. குரோசவாவின் படத்தில் உண்மை எது என்று கடைசி வரை தெரிவதில்லை. தமிழ்ப் படத்தில் தெரிகிறது. கொலையாளி யார் என்பது மட்டுமல்ல, ஏன் என்பதும் தெரிகிறது. அந்த ‘ஏன்’ நாட்டுப்பற்று பற்றிய ஒரு கடினமான கேள்வியாக நிற்கிறது. படம் வெளியானபோது வசூலில் தோற்றது. 70 ஆண்டுகள் கடந்தும் அந்தக் கொலையாளியின் பெயரை இங்கே சொல்லாமல் விடுவதற்குக் காரணம் உண்டு: இன்றுதான் முதல்முறையாக அதைப் பார்க்கப் போகிறவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். மர்மப் படத்தைப் பற்றி எழுதும் எவரும் அந்த ஒருவருக்காகவே எழுத வேண்டும். பிற்காலத்தில் ரக்ஷித் ஷெட்டியின் ‘உளிதவரு கண்டந்தே’ (2014) அதே பல வாய்மொழி முறையை மால்பே கடற்கரைக்குக் கொண்டுபோனது. அதுவும் முதலில் ஓடாமல், பின்னால் பெரும் ரசிகர்களைச் சேர்த்த படம். 2017-இல் தமிழில் ‘ரிச்சி’ ஆனது.

மைசூர்த் தமிழருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பக்கத்தில் உருது, தெலுங்கு, மலையாளம். ரீமேக்கை மூலத்தோடு ஒப்பிட அவருக்கு சப்டைட்டிலின் துணை தேவையில்லை. ஃபாசிலின் ‘மணிச்சித்ரத்தாழ்’ (1993) மலையாளத்தில் வந்தது. பி. வாசு அதை 2004-இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாக எடுத்தார், மைசூரில் பிறந்த விஷ்ணுவர்தன் அதில் நாயகன், சௌந்தர்யா இறந்த பிறகு வெளிவந்த படம் அது. அடுத்த ஆண்டே வாசு தமிழில் ‘சந்திரமுகி’ எடுத்தார். சென்னை சாந்தி திரையரங்கில் அது 800 நாட்களுக்கு மேல் ஓடியது. மலையாளப் படத்தில் பேயாக வரும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. அவள் பேசுவது தமிழ். கன்னடத்திலும் தமிழிலும் அவளுடைய மொழி தெலுங்கு. மூன்று படத்திலும் பேய் உள்ளூர் மொழி பேசுவதில்லை. கொஞ்சம் புரிகிற, முழுதாகப் புரியாத பக்கத்து மொழியைப் பேசுகிறது. தமிழ் தாய்மொழியாக உள்ளவர்களுக்குப் பயம் தராத அந்த நாகவல்லி, மலையாள அரங்கில் நடுங்க வைத்திருக்கிறாள். பல மொழி கேட்டு வளர்ந்த ஒருவர் சாவகாசமாகக் கவனித்துச் சொல்லக்கூடிய இத்தகைய ஒரு கருத்து, பத்துப் பக்கக் கதைச் சுருக்கத்தைவிடப் பெரிது.

முதல் நாள் கருத்து மாறும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) வந்தபோது பலரைக் குழப்பியது. இன்று அதன் ரசிகர்கள் அடுத்த பாகம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ (2011) அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது பெற்றும் அரங்கில் நிற்கவில்லை. பிறகு வந்த இளம் இயக்குநர்கள் பலர் அதைப் பாடமாகப் படித்தார்கள். இந்தியில் ‘தும்பாட்’ 2018-இல் வந்து போனது. 2024-இல் மறுபடி திரையிட்டபோது முதல்முறையைவிட அதிகம் வசூலித்தது. எனவே குறிப்பின் கீழே தேதி போட வேண்டும். ஐந்து வருடம் கழித்து மறுபடி பார்த்து அபிப்பிராயம் மாறினால், பழையதை அழிக்காமல் அதன் கீழே புதியதை எழுத வேண்டும். மாறிய இடம் தெரிந்தால்தான் படம் எங்கே வேலை செய்தது என்பது புரியும்.

மலிவான செட்டைக் கேலி செய்வதற்கு முன் நினைவில் கொள்ள வேண்டிய ஒன்று இந்த ஊரிலேயே நடந்தது. 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில், ‘தி சோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்’ தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் பற்றிய தீயில் 62 பேர் இறந்தார்கள். திரையில் தெரிகிற அட்டைக் கோட்டைக்குப் பின்னால் அதைக் கட்டியவர்கள் இருந்தார்கள். கோட்டை சரியாக அமையவில்லை என்று எழுதலாம். அதைக் கட்டியவர்களை இகழ்ந்து எழுத வேண்டியதில்லை.

மைசூரின் பழைய அரங்குகள் குறைந்து வருகின்றன. பெருந்தொற்றுக்குப் பின் சாந்தலா, லட்சுமி போன்றவை மூடப்பட்டன. அங்கே மாயாஜாலப் படம் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அடுப்பில் கால் எரிந்தபோது கூட்டம் சிரித்ததா, கத்தியதா, குழந்தைகளை யார் வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதலாம். சொந்தக் குறிப்புக்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும்: படத்தின் பெயர், ஆண்டு, பார்த்த மொழி, பார்த்த இடம், தேதி, அதன் கீழே நாலு வரி.