மணலும் இம்பெல்லரும்

நாகப்பட்டினம் பக்கத்துக் கரைகளில் பைபர் படகுகளின் அவுட்போர்டு மோட்டார்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. "சூடாகி நின்னுபோச்சு" என்று தூக்கிவரும் மோட்டாரில் நான் மேல்மூடியை முதலில் திறப்பதில்லை. கீழே, கியர் பாக்ஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் தண்ணீர் பம்பைத்தான் கழற்றுவேன். பெரும்பாலும் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

பம்ப் என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம், அதில் சில இறக்கைகள். இதுதான் இம்பெல்லர். டிரைவ் ஷாஃப்டோடு சேர்ந்து ஸ்டீல் கிண்ணத்துக்குள் சுழன்று கடல்தண்ணீரை இன்ஜினுக்கு ஏற்றும். இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது, கடல்தான் எல்லாம். ரப்பர் உரசாமல் வழுக்கி ஓடுவதும் அதே தண்ணீரால்தான். அதனால், மோட்டாரைத் தரையில் நிறுத்தி, "ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பாத்துடறேன்" என்று கயிற்றை இழுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே இறக்கை முனை கருகிவிடும். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சும் சல்லடை முழுக்க மூழ்கிய பிறகுதான் கயிற்றைத் தொட வேண்டும்.

எங்கள் கரையில் மணல் வேறு. துறைமுகத்தில் கட்டும் படகுக்கு இந்தத் தொல்லை குறைவு. அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கரையேறும் படகு கலங்கிய மணல்தண்ணீரைத்தான் குடிக்கும். பம்பைக் கழற்றினால் கிண்ணத்தின் உட்சுவரிலும் அடித்தகட்டிலும் விரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். நகம் வரிவரியாகத் தட்டினால், புது இம்பெல்லர் மட்டும் போட்டுப் பிரயோஜனமில்லை. அந்தப் பள்ளங்கள் வழியே தண்ணீர் திரும்பி ஒழுகும், அழுத்தம் ஏறாது. கிண்ணம், தகடு, கேஸ்கெட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செலவுக்குப் பயந்து ரப்பரை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறவர்கள் சீக்கிரமே திரும்பி வருகிறார்கள்.

இறக்கை உடைந்திருந்தால், துண்டு கிடைக்கும்வரை நான் மூடுவதில்லை. பழைய சக்கரத்தைப் பலகையில் வைத்து, கிடைத்த துண்டுகளைப் பொருத்திப் பார்ப்பேன். ஒன்று குறைந்தாலும் அது மேலே ஏறிக் குழாயிலோ தண்ணீர் ஓடும் வழியிலோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். புதியதைப் பூட்டும்போது கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்டை அது ஓடும் திசையிலேயே திருப்பிக்கொண்டு பம்பின் ஹவுசிங்கை அழுத்தினால் இறக்கைகள் சரியான பக்கம் மடங்கி உட்காரும்.

"தண்ணி நல்லாத்தான் பீச்சுது தம்பி, அப்புறம் எப்படி சூடாவும்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பின்பக்கத் துளையில் தண்ணீர் பீய்ச்சினால் பம்ப் வேலை செய்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். "இதைப் பாருங்கண்ணே" என்று அவருடைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். திறந்திருக்க வேண்டிய வால்வு அசையவே இல்லை. உப்பு வெள்ளையாக இறுகிப்போயிருந்தது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பீய்ச்சல் குறைந்ததும் பம்ப் போச்சு என்று பதறுவார்கள். முதலில் அந்தத் துளையில் தூண்டில் நரம்பை விட்டுக் குத்திப் பாருங்கள். மணலோ பாசியோ அடைத்திருக்கலாம்.

உப்பு இறுகாமலிருக்க ஒரே வழி, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்டுவது. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் நிறுத்துவது வெறும் கண்துடைப்பு. இன்ஜின் சூடேறித் தெர்மோஸ்டாட் திறந்தால்தான் நல்ல தண்ணீர் தலைவரை போகும். நியூட்ரலில் பத்து நிமிடமாவது ஓடட்டும். மண்ணெண்ணெய் மோட்டாராக இருந்தால், நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும். பிறகு மோட்டாரை நேராக நிறுத்தினால் உள்ளிருக்கும் தண்ணீர் வடிந்துவிடும். குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடான ஊரில் நல்ல தண்ணீரில் ஓட்டச் சொல்ல எனக்கே கூச்சம்தான். டிரம் தண்ணீரை மறுபடி பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நாலு நாளில் அதுவும் கடல்தண்ணீர்தான்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதில் இன்ஜினைப் பிரித்துப் போடுகிறார்கள். பைபர் படகுக்கு அந்தக் கட்டாய ஓய்வு இல்லாததால் பராமரிப்பு வேலை தள்ளிக்கொண்டே போகிறது. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் கிடக்கும்போது இதை முடித்துவிடலாம். தினமும் கரையேறும் படகுக்கு வருடம் ஒரு இம்பெல்லர், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றிவிடுவது என் வழக்கம். அதற்காகக் கியர் பாக்ஸைக் கீழே இறக்கியிருக்கும்போதே அதன் ஆயிலையும் வடித்துப் பாருங்கள். வெள்ளையாகக் கலங்கி வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்.

நடுக்கடலில் பீய்ச்சல் நின்றால் உடனே இன்ஜினை நிறுத்தி, மோட்டாரைத் தூக்கிச் சல்லடையைப் பாருங்கள். இப்போதெல்லாம் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது பாசியைவிட அதிகமாகப் பிளாஸ்டிக் பைதான். எடுத்துப் போட்ட பிறகும், இன்ஜின் ஆறும்வரை கயிற்றை இழுக்காதீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்தும் தண்ணீர் வரவில்லையென்றால் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் படகுக்குக் குரல் கொடுங்கள். கட்டி இழுத்து வரும் செலவு, பிஸ்டன் மாற்றும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.