பெயர் தெரியாத விதை கிடைத்தால்

போன ஏப்ரலில் ஒரு தம்பி கடித உறையோடு எங்கட அலுவலகத்துக்கு வந்தார். பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மா அன்பாகக் கொடுத்த விதைகள். ஊதா நிறம், கறுப்புத் திட்டுக்கள், பெருவிரல் நகமளவு. "ரீச்சர், இதை அவிச்சுச் சாப்பிடலாமோ?"

வேண்டாம் என்றேன். பெயர் தெரியாத விதையை வாயில் வைக்காதையுங்கோ. நடுகை விதையில் பூஞ்சண மருந்து பூசியிருக்கலாம். இங்கிலாந்தில் சிலர் அழகுக்காக ஆமணக்கும் வளர்க்கிறார்கள். அதின்ர விதை கடும் நஞ்சு. நுனியில் சின்ன முடிச்சு இருக்கும், வடிவாப் பாருங்கோ. பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கோ.

இதில் முடிச்சு இல்லை. இரண்டைச் சட்டியில் இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றி, யன்னலடியில் வைத்தோம். பத்து நாளில் முளைச்சுது. சாதாரண போஞ்சியெண்டால் விதையின் இரண்டு பாதியும் மண்ணுக்கு மேலே வரும். இது மண்ணுக்குள்ளேயே நிண்டுது. அப்ப இது ரன்னர் பீன்ஸ்! (வகுப்பில் படிப்பிச்ச பாடம் இஞ்சை உதவிச்சுது.)

உறைபனி நிண்ட பிறகு, மே கடைசியில் வெளியில் வையுங்கோ. ஏழடித் தடி வேணும். பூ சிவப்பு. காயை இளசாக ஆய்ந்து நல்லா அவியுங்கோ. பச்சையாய்ச் சாப்பிட்டால் சத்தியும் வயிற்றோட்டமும் வரும்.

எல்லா விதையையும் ஒரே தரம் நட்டுவிடாதையுங்கோ. தம்பியை ஜூலையில் வேறு நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கொடியை அந்த அம்மாவிடமே விட்டார். மிச்ச விதைகளை அதே உறையில் கொண்டு போனார், இந்த முறை பெயர் எழுதி.