உவர்நீர்த் தொட்டி மீன்குஞ்சுகளுக்கு உயிருணவுப் பயிர்ச்செய்கை

வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை முதலிய கரையோரப் பகுதிகளில் முருகைக்கற்பாறை மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் உளர். இவ்வகை மீன்களிற் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. 1998ஆம் ஆண்டிற் கடல்நீர் மிகுதியாக வெப்பமுற்றபோது இலங்கையின் முருகைக்கற்பாறைகள் பல வெளிறி மடிந்தன. ஆதலின், மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடுவித்து வளர்த்தல் பாறைகளுக்கு நன்மை தரும்; செய்வோருக்கும் சிறு வருவாயாகும்.

கடலனிமனியின் கைகளுக்கிடையே வாழும் அனிமோன் மீன் தொட்டியில் முட்டையிடும் இயல்புடையது. தமிழ்நாட்டின் மண்டபத்திலே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மீனைத் தொட்டியிற் பெருக்கும் முறையை வகுத்துள்ளனர். ஆயினும் முட்டையிடுவித்தல் இத்தொழிலின் கடினமான பகுதியன்று. பொரித்த குஞ்சு 3 அல்லது 4 மில்லிமீற்றர் நீளமே உடையது. தூளாக்கிய உலருணவை அது நாடாது. தன் வாய்க்கேற்ற அளவில் அசைந்து திரியும் உயிரையே உண்ணும். அவ்வுணவு முதல்நாளே கிடையாவிடின் சில நாட்களுள் குஞ்சுகள் யாவும் மடியும்.

எனவே இது மீன் வளர்ப்பாயினும் அடிப்படையிற் பயிர்ச்செய்கையே. நீருக்குப் பசளையிட்டு நுண்பாசியையும், அப்பாசியைக் கொண்டு றொட்டிபர் என்னும் நுண்விலங்கையும், பின்னர் ஆட்டீமியாவையும் ஒழுங்காகப் பெறல் வேண்டும். நாற்றுமேடையும் விதைநெல்லும் அறிந்த கமக்காரருக்கு இவ்வேலை புதிதன்று.

1. நீரை ஆயத்தஞ் செய்தல்

வெள்ளவத்தை, தெகிவளைக் கால்வாய்கள் கடலிற் கலக்கும் இடங்களுக்கு அண்மையில் நீர் எடுத்தலாகாது. பெருமழைக்குப் பின்னரும், தென்மேற்குப் பருவக்காற்றினாற் கடல் கலங்கியிருக்கும் நாட்களிலும் நீர் எடுப்பதைத் தவிர்க்க. எடுத்த நீரை நெருக்கமான துணியால் வடித்து, 10 லீற்றருக்கு 5 வீத வெளிற்றுந் திரவம் 2 மில்லிலீற்றர் வீதம் கலந்து ஒருநாள் மூடி வைக்க. மறுநாள் 10 லீற்றருக்கு 1 கிராம் சோடியந் தயோசல்பேற்று இட்டு, காற்றுக் குழாயினால் நன்கு கலக்குக. குளோரீன் மணம் சிறிதேனும் இருப்பின் அந்நீரைப் பயன்படுத்தலாகாது.

2. முதற் பயிர்: பச்சை நீர்

நன்னோகுளோரொப்சிசு என்னும் நுண்பாசி இதற்கு ஏற்றது. அதன் விதைநீரை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ நம்பத்தக்க பண்ணையிலிருந்தோ பெறுக.

நூறு லீற்றர் கடல்நீருக்கு வேண்டிய பசளை: அமோனியஞ் சல்பேற்று 10 கிராம், சுப்பர்பொசுபேற்று 1 கிராம், யூரியா 1 கிராம். இம்மூன்றையும் 1 லீற்றர் நன்னீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மாத்திரம் கடல்நீரில் லீற்றருக்கு 10 மில்லிலீற்றர் வீதம் சேர்க்க. நான்கு பங்கு நீருக்கு ஒரு பங்கு விதைநீர் ஊற்றி, வெளிச்சமுள்ள இடத்தில், உச்சிவெயில் நேரே படாதவாறு வைத்து, இரவும் பகலும் காற்று ஊட்டுக. ஒரு வாரத்தில் நீர் கரும்பச்சை நிறமடையும். பசளையைப் பயிர் உண்டு தீர்ப்பதற்கு முன் அந்நீரை எடுத்துப் பயன்படுத்தினால், எஞ்சிய அமோனியா விலங்குகளுக்கு நஞ்சாகும்.

ஐந்தில் ஒரு பங்கை அடுத்த விதைப்புக்கு ஒதுக்குக. விதைநெல் முழுவதையும் உண்ணும் குடும்பம் அடுத்த போகத்தில் கையேந்தும். விதைப் போத்தல்கள் இரண்டாயினும் வெவ்வேறிடங்களில் இருத்தல் நன்று. ஒன்று கெடினும் மற்றது காக்கும்.

3. இரண்டாம் பயிர்: றொட்டிபர்

இது மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்களவேயான நுண்விலங்கு. யப்பானில் விலாங்கு மீன் குளங்களின் பச்சை நீரைத் தின்று தெளியச் செய்தமையால் இது முன்னர்த் தீங்காகவே கருதப்பட்டது. 1960ஆம் ஆண்டளவிலேதான் இதனைக் கடல்மீன் குஞ்சுகளுக்கு உணவாக்கலாம் என்னும் எண்ணம் அங்கு தோன்றியது. களையெனப்பட்டதே பயிராயிற்று.

பெண் றொட்டிபர் ஆணின்றியே பெருகும். ஆகையால் நல்ல நீரில் இதன் தொகை விரைந்து உயரும். பச்சை நீரில் விதைத்து, மெல்லிய காற்றூட்டுக. பச்சை நிறம் வெளுக்கும்போது மேலும் பச்சை நீர் சேர்க்க. ஒரு மில்லிலீற்றர் நீரைக் கண்ணாடித் துண்டில் இட்டுக் கைவில்லையாற் பார்த்து எண்ணுக. மில்லிலீற்றருக்கு 50 முதல் 100 வரை காணின் அறுவடைக்கு ஏற்றது. நாளொன்றுக்கு நான்கில் ஒரு பங்கை மாத்திரம் எடுத்து, அவ்வளவு பச்சை நீரை ஈடு செய்க.

வெதுப்பக ஈசுற்றைக் கொண்டும் றொட்டிபரைப் பெருக்கலாம். ஆனால் நீர் விரைவிற் கெடும்; குஞ்சுக்கு வேண்டிய கொழுப்புச் சத்தும் குறையும். றொட்டிபர் தன் வயிற்றில் எதைக் கொண்டு செல்கின்றதோ அதுவே குஞ்சுக்குக் கிடைக்கும். பாசி உண்ணாத றொட்டிபர் பதர்நெல் போன்றது.

4. மூன்றாவது உணவு: ஆட்டீமியா

ஆட்டீமியா உப்பளங்களில் வாழும் சிறு கூனியினம். அதன் உலர்ந்த முட்டைகள் தகரங்களில் விற்கப்படுகின்றன. ஒரு கிராமில் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று இலட்சம் முட்டைகள் உள.

தலைகீழாக நிறுத்திய போத்தலில் 1 லீற்றர் கடல்நீரும் 1 கிராம் முட்டையும் இட்டு, அடியிலிருந்து வலுவாகக் காற்றூட்டி விளக்கொளியில் வைக்க. நமது வெப்பநிலையில் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுக்க. வெற்றோடுகள் மிதக்கும், பொரியாதவை அடியிற் படியும், குஞ்சுகள் ஒளியை நாடிக் கூடும். குஞ்சுகளை மாத்திரம் குழாயால் உறிஞ்சி எடுக்க. ஓடுகள் மீன்குஞ்சின் குடலை அடைக்கும். பொரித்த சில மணி நேரத்துள் ஊட்டுதலே சிறந்தது. பிந்தினால் அவற்றின் உடலிலுள்ள சத்துக் கரைந்துவிடும்.

5. காலத்தைக் கணித்தல்

அனிமோன் மீனின் முட்டை ஏறத்தாழ 6 முதல் 8 நாளில், இருள் சூழ்ந்த பின் பொரிக்கும். மறுநாட் காலையிலேயே குஞ்சுத் தொட்டியில் மில்லிலீற்றருக்கு 5 முதல் 10 றொட்டிபர் இருத்தல் வேண்டும். ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின் ஆட்டீமியாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, றொட்டிபரைக் குறைக்க. இரண்டு வாரமளவிற் குஞ்சு தாயின் நிறம் பெறத் தொடங்கும்.

பச்சை நீருக்கு ஒரு வாரமும், றொட்டிபர் பெருக மேலும் சில நாட்களும் வேண்டும். எனவே முட்டையைக் கண்டபின் பாசி விதைப்பவர் பிந்தியவரே. மீன் இணை முட்டையிடுவதற்கு முன்னரே இரு பயிர்களும் தொடர்ந்து நடைபெறுதல் அவசியம்.

6. தவறாது கவனிக்க வேண்டியவை

(அ) நாள்தோறும் முதலிற் பாசியையும், அடுத்து றொட்டிபரையும், இறுதியில் ஆட்டீமியாவையும் கவனிக்க. றொட்டிபர்த் தொட்டியில் நனைந்த கையோ கோப்பையோ காற்றுக் குழாயோ பாசிப் போத்தலிற் படலாகாது. ஒரு துளி நீரிற் சென்ற றொட்டிபர் சில நாட்களிற் பாசி முழுவதையும் தின்றுவிடும்.

(ஆ) பசளையிட்ட நீரை மீன்தொட்டியில் ஊற்றலாகாது. றொட்டிபரை நுண்வலையில் வடித்து, தூய கடல்நீரிற் கழுவி இடுக.

(இ) கழிவு உவர்நீரை வயலிலோ மரக்கறித் தோட்டத்திலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது. உப்பேறிய மண்ணில் நெல் குன்றும். போஞ்சி அதனினும் விரைவில் வாடும். பொழுதுபோக்கின் பொருட்டு விளைநிலத்தை இழத்தல் அறிவுடைமையன்று. பயிரிடும் நிலத்திலிருந்து விலகிய சீமெந்துத் தளத்திலேயே இவ்வேலையைச் செய்க.

(ஈ) வளர்த்த மீனையோ வேறு உயிரையோ கடலிலும் களப்பிலும் விடலாகாது. கற்பவளத்தைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுத்தல் சட்டப்படி குற்றமாகும்.

தொடங்க விரும்புவோர் முதல் மாதத்தில் மீன் வாங்காது, இரண்டு போத்தற் பச்சை நீரையும் ஒரு வாளி றொட்டிபரையும் மாத்திரம் காத்துப் பழகுக. ஒரு மாதம் அவை கெடாது நின்றால் மீன் இணையை வாங்கலாம். மேலும் அறிய வேண்டியவற்றைக் கொழும்பு மட்டக்குளி காக்கைத்தீவிலுள்ள தேசிய நீரியல் வள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகத்தில் விசாரித்துத் தெளிக.